தகலொக் வினைக்கு இறந்தகாலம் கிடையாது

தகலொக் கற்பிக்க வருகிற எவரும் முதல் வாரத்திலேயே ஓர் அட்டவணையை நீட்டுவார்கள். மூன்று நிரல்: இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். சமைத்தலுக்கு ‘நக்லுத்தோ, நக்லுலுத்தோ, மக்லுலுத்தோ’. அவற்றின் கீழே வரிசையாகச் சமைத்தது, சமைக்கிறது, சமைக்கப்போவது என்று பொருள். பாடமாக்குங்கோ, அடுத்த கிழமை சோதனை. செயலிகளும் இதையே செய்கின்றன, ஒரு நிமிட வீடியோக்களும் இதையே செய்கின்றன, வெளிநாட்டவருக்கென்று அச்சடித்த கைநூல்களில் பாதிக்கு மேல் இதைத்தான் செய்கின்றன.

இந்த அட்டவணையை நான் எதிர்க்கிறேன். படிக்கக் கஷ்டம் என்பதற்காக இல்லை. அது பிழை என்பதற்காக.

(எழுத்துப் பற்றி ஒரு சொல். தகலொக்கைத் தமிழில் எழுதும்போது ‘நக்’, ‘மக்’ என்பவற்றின் கடைசி எழுத்தை ‘மேகம்’ என்பதில் வரும் ககரம் மாதிரி மெதுவாகச் சொல்லுங்கள். மற்றபடி எழுதியிருக்கிற மாதிரியே வாசிக்கலாம்.)

பிழை என்பதைக் காட்ட ஒரு சொல் போதும்: கஹாப்பொன். ‘நேற்று’ என்று பொருள். அட்டவணை சொல்வது உண்மையானால் ‘நேற்று’ என்ற சொல்லோடு முதல் நிரலில் இருக்கிற வடிவம் மட்டும்தான் வரவேண்டும். ஆனால் ‘நக்லுத்தோ அக்கோ கஹாப்பொன்’ என்றால் நேற்று நான் சமைத்தேன். ‘நக்லுலுத்தோ அக்கோ கஹாப்பொன் நாங் டுமத்திங் ஸியா’ என்றால், நேற்று அவர் வந்தபோது நான் சமைத்துக்கொண்டிருந்தேன். ‘மக்லுலுத்தோ சானா அக்கோ கஹாப்பொன்’ என்றால், நேற்றுச் சமைக்கத்தான் இருந்தேன், நடக்கவில்லை. மூன்று நிரலும் நேற்றோடு சேர்ந்து வந்துவிட்டன. ‘எதிர்காலம்’ என்று தலைப்புப் போட்ட வடிவம் நேற்றைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, பிலிப்பைன்ஸில் யாருக்கும் அது விசித்திரமாகப் படுவதில்லை. மூன்றாவது வாக்கியத்தில் ‘சானா’ என்ற சொல்தானே எல்லாவற்றையும் மாற்றுகிறது என்று கேட்கலாம். ‘சானா’ சொல்வது அது கைகூடவில்லை என்பதை. வினை அதே வினைதான், ஓர் எழுத்தும் மாறவில்லை.

மறுபக்கமும் பாருங்கள். ‘கப்பக் நக்கித்தா மோ ஸியா புக்காஸ்’. புக்காஸ் என்றால் நாளை. நாளைக்கு நீ அவரைக் கண்டால் என்று பொருள். ‘நக்கித்தா’ எந்த நிரலில் கிடக்கிறது தெரியுமா? இறந்தகாலத்தில்.

அப்ப அந்த மூன்று வடிவங்களும் என்னதான் சொல்கின்றன? எப்போது நடந்தது என்பதை அல்ல, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை. ‘எப்போது’ என்பதைச் சொல்ல நேற்று, நாளை, போன வருடம், நான் சின்னப்பிள்ளையாக இருக்கேக்க என்று வேறு சொற்கள் இருக்கின்றன. வினைக்கு அந்த வேலை இல்லை. தகலொக் வினை இரண்டே இரண்டு கேள்விகளுக்குத்தான் பதில் சொல்கிறது. தொடங்கிவிட்டதா? முடியாமல் இருக்கிறதா?

தொடங்கிவிட்டது என்பதற்கு ஒரு குறி. ‘மக்’ என்று தொடங்கும் வினைகளில் மகரம் நகரமாக மாறும், அவ்வளவுதான். முடியாமல் இருக்கிறது என்பதற்கு இன்னொரு குறி: அடிச்சொல்லின் முதல் அசையை இரண்டு தரம் சொல்ல வேண்டும். லுத்தோ, லுலுத்தோ. இப்போது எல்லாம் தானாக வந்து விழுகிறது. மக்லுத்தோ: தொடங்கவும் இல்லை, இழுபடவும் இல்லை, வெறும் ‘சமைக்க’ அல்லது ‘சமை’ என்ற ஏவல். நக்லுத்தோ: தொடங்கியது, அசை இரட்டிக்கவில்லை, எனவே முடிந்தது. நக்லுலுத்தோ: தொடங்கியது, முடியவில்லை. மக்லுலுத்தோ: தொடங்கவேயில்லை, ஆனால் நினைப்பில் இருக்கிறது. சமைக்கப்படும் பொருளை முன்னிறுத்திச் சொல்லும்போதும் இதே கணக்குத்தான். லுத்துஇன், நிலுத்தோ, நிலுலுத்தோ, லுலுத்துஇன். ‘நி’ வந்தால் தொடங்கிவிட்டது. ‘லு’ இரட்டித்தால் முடியவில்லை. கடைசியில் ஒட்டும் ‘இன்’ தொடங்காத இரண்டு வடிவங்களிலும் மட்டும் நிற்கிறது.

‘உம்’ வகை வினைகளில் கணக்குக் கொஞ்சம் கோணும், அதை மறைக்கத் தேவையில்லை. சுலத் என்றால் எழுத்து. முதல் மெய்க்குப் பிறகு ‘உம்’ நுழைந்து சுமுலத் ஆகும், சுமுசுலத் ஆகும், சுசுலத் ஆகும். இங்கே ‘எழுதினது’ என்பதற்கும் ‘எழுத’ என்பதற்கும் ஒரே வடிவம், சுமுலத். அட்டவணைக்காரர் இதை விதிவிலக்கு என்று சிவப்புப் பேனையால் வட்டம் போடுவார். லாவ் டியாஸின் படங்கள் பார்க்கிறவர்கள் 2016 இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிய ‘அங் பபாஎங் ஹுமாயோ’வை மறந்திருக்க மாட்டார்கள். ஆங்கிலத் தலைப்பு அந்தப் பெண்ணை ‘போய்விட்ட பெண்’ ஆக்குகிறது. அது சரியான மொழிபெயர்ப்புத்தான். ஆனால் தகலொக் காதில் ஹுமாயோ என்பது ‘புறப்பட்டாள்’ மட்டுமில்லை. ‘ஹுமாயோ கயோ’ என்றால் புறப்பட்டுப் போங்கள் என்ற கட்டளை. சிறையிலிருந்து வெளியே வருகிற ஒரு பெண்ணைப் பற்றிய படத்தின் தலைப்பில், நடந்து முடிந்த புறப்பாடும் ‘புறப்படு’ என்ற ஏவலும் ஒரே உருவத்தில் இருக்கின்றன. ‘இறந்தகாலம்’ என்று பாடமாக்கின ஆளுக்கு இது கேட்காது.

இந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாதிரிமாரிடமிருந்து. 1610 இல் டொமினிக்கத் துறவி பிரான்சிஸ்கோ பிளாங்காஸ் தெ சான் ஹோசே எழுதிய தகலொக் இலக்கணம் பத்தானில் அச்சாகியது. அதை அச்சடித்தவர் தோமாஸ் பின்பின் என்ற தகலொக்காரர். அதே வருடம் அதே பின்பின் தன் ஆட்கள் ஸ்பானிய மொழி படிக்க ஒரு புத்தகம் தானே எழுதி வெளியிட்டார். அந்தக் கதை தனியே ஒரு கட்டுரைக்குக் காணும். துறவிகளின் நோக்கம் பாவசங்கீர்த்தனம் கேட்பதும் பிரசங்கம் வைப்பதும். கையில் இருந்த அளவுகோல் இலத்தீன் இலக்கணம். இலத்தீனில் வினை என்றால் காலம் காட்ட வேண்டும், ஆகவே தகலொக் வினையும் காட்டியே ஆக வேண்டும். அவர்களை நான் பெரிதாகக் குறைசொல்லப் போவதில்லை. அந்த வசதிகளோடு அவர்கள் திரட்டின சொற்கள் இல்லாவிட்டால் பிறகு வந்தவர்களுக்குப் பாதி வேலை நடந்திராது. 400 வருடத்துக்குப் பிறகும் அதே அளவுகோலைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

ஏனென்றால் அந்த அளவுகோல் உடைந்து 100 வருடம் கடந்துவிட்டது. லெனார்ட் புளூம்ஃபீல்ட் 1917 இல் தகலொக் பற்றிய தன் நூலை வெளியிட்டார். அதற்காக அவர் பிலிப்பைன்ஸ் போகவில்லை. இலினாய் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சந்தியாகோ என்ற பிலிப்பைன்ஸ் மாணவர் சொன்ன கதைகளைக் கேட்டு எழுதினார். ஒரு மாணவனுடைய பேச்சிலிருந்து வந்த புத்தகம் என்பதால் எனக்கு அதில் தனிப் பிரியம். அதில் இறந்தகாலம், எதிர்காலம் என்ற பிரிப்பு இல்லை. நடப்பில் வந்தது ஒருபக்கம், நடப்புக்கு வராதது மறுபக்கம். ஒரே புள்ளியாகப் பார்க்கும் செயல் ஒருபக்கம், இழுபடும் செயல் மறுபக்கம். இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு வடிவம். 1972 இல் ஷாக்டரும் ஒட்டானெஸும் எழுதிய பெரிய இலக்கணம் தொடங்கியது, முடிந்தது என்ற இரண்டு அளவைகளை வைத்து ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்தது. பெயர் வைப்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. மூன்று காலப் பெட்டி பொருந்தாது என்பதில் இந்த இரண்டு நூல்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பிலிப்பைன்ஸ் பாடசாலைகளே இந்தப் பெட்டிக்குள் கொஞ்சக் காலம் இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தன. லோப்பே கே. சாந்தோஸின் ‘பலரிலா’ என்ற தேசிய மொழி இலக்கணம் காலத்தை மூன்றாகவே பிரித்தது. இன்றைக்கு அங்கே பிள்ளைகள் படிப்பது ‘அஸ்பெக்தோ’, அதாவது வினை எந்த நிலையில் நிற்கிறது என்ற பாகுபாடு. தமிழ் மொழியியலில் இதை வினைநோக்கு என்பார்கள். மூன்று நோக்குகளுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் நகனப், நககனப், மககனப். கனப் என்ற ஒரே அடிச்சொல்லின் மூன்று வடிவங்கள். நடந்தேறியது, நடந்தேறிக்கொண்டிருப்பது, நடந்தேற இருப்பது. பெயரே பாடம். அங்கே ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்ததை, வெளியிலிருந்து படிக்க வரும் வளர்ந்த ஆட்களுக்கு மறைத்து, 1610 இன் பெட்டியைக் கொடுக்கிறார்கள். ஏன்? ‘ஆங்கிலத்தில் யோசிக்கிற ஆளுக்கு அதுதான் இலகு’ என்கிறார்கள்.

இந்தப் பதில்தான் எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது. முதலாவது, அது இலகு இல்லை. மேலே நான் காட்டின இரண்டு கேள்விகளைப் பத்து நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம். அட்டவணையைப் பாடமாக்கினால் ‘மக்’ வகைக்கு ஒன்று, ‘உம்’ வகைக்கு ஒன்று, ‘இன்’ வகைக்கு ஒன்று, ‘அன்’ வகைக்கு ஒன்று, ‘இ’ வகைக்கு ஒன்று என்று அட்டவணைகள் பெருகும். ஒவ்வொன்றிலும் விதிவிலக்குப் பட்டியல் நீளும். பிறகு ஒரு நாள் உண்மையான ஆள் ஒருவர் ‘நேற்று’ என்று தொடங்கி மக்லுலுத்தோ என்று முடிப்பார். படிச்சவர் முழிப்பார். இரண்டாவது, எங்களுக்கு ஏன் ஆங்கிலத்தில் யோசிக்கிறவருடைய வசதி? இந்தத் தீவிலிருந்து கட்டாருக்கும் டுபாய்க்கும் போய், பிலிப்பைன்ஸ்காரரோடு ஒரே வீட்டில், ஒரே ஹோட்டல் சமையலறையில், ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்த மொழி படிப்பது பொழுதுபோக்கு இல்லை. அவர்கள் தமிழில் யோசிக்கிறவர்கள். தமிழ் வழியாகப் போனால் பாதை இன்னும் கிட்ட.

எப்படியென்றால், மேலே சொன்ன ‘நாளைக்கு நீ அவரைக் கண்டால்’ என்ற வாக்கியத்தை மறுபடி பாருங்கள். கண்டால். அதில் இருக்கிற அடி ‘கண்ட்’. கண்டேன், கண்டான், கண்டது என்பவற்றில் இருக்கிற அதே இறந்தகால அடி. நாளைக்கு வந்தால், நாளைக்கு வந்தவுடன், நாளைக்குச் சமைத்த பிறகு. நடக்கப்போகிற காரியத்துக்கெல்லாம் நாங்களும் முடிந்த வடிவத்தையே போடுகிறோம். ஏனெனில் அந்த இடத்தில் எங்களுக்கு முக்கியம் நேரமல்ல, ஒன்று முடிந்துதான் மற்றது என்ற ஒழுங்கு. தகலொக்காரர் ‘நக்கித்தா’ சொல்கிற அதே இடத்தில் தமிழன் ‘கண்டால்’ சொல்கிறான். இதைவிட நல்ல பாலம் எந்த ஆங்கிலக் கைநூலில் கிடைக்கும்?

அதைவிட்டால் பேச்சு. சைக்கிளை வெளியில் எடுக்கவே இல்லை, போனில் ‘இந்தா வந்திட்டன்’ என்று சொல்கிறோமே, அது பொய்யா? நன்னூலார் அதற்கு இடம் வைத்திருக்கிறார். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களால் ஒரு காலம் இன்னொரு காலமாக வரலாம், அது வழுவல்ல, வழுவமைதி. எங்களுடைய இலக்கண ஆசிரியர்கள் முக்காலம் என்ற சட்டம் வைத்தார்கள், ஆனால் மொழி அதை மீறுகிற இடத்தையும் காது கொடுத்துக் கேட்டார்கள். தமிழில் காலம் இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது, இடைநிலையே காட்டுகிறது. ஆனால் அந்த மூன்றும் என்றென்றைக்கும் ஒரே உறுதியோடு இருந்தனவும் அல்ல. கிறு, கின்று என்ற நிகழ்கால இடைநிலை சங்கப் பாடல்களில் மிக அரிது. பேச்சுச் சிங்களத்துக்கு வந்தால், ‘மம ஹெட்ட யனவா’ என்று நாளைக்குப் போவதையும் ‘யனவா’ என்றே சொல்லுகிறார்கள். இரண்டாம் மொழிப் பாடத்தில் ‘சிங்களத்தில் எதிர்காலம் எப்படி?’ என்று கேட்டுக்கொண்டிருந்த எங்களில் யாருக்கும் நாங்களும் ‘நாளைக்குப் போறன்’ என்றுதான் சொல்கிறோம் என்பது உறைக்கவில்லை.

அந்தக் கேள்வியே ரியூசன் வகுப்பில் கரும்பலகையில் கீறின பன்னிரண்டு பெட்டியிலிருந்து வந்தது. சிம்பிள், கன்ரினியூஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்ரினியூஸ், மூன்று காலத்தால் பெருக்கு. ஆங்கிலம் சோதனைக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டிகள் உலகத்து மொழிகளுக்கெல்லாம் பொதுவான அலுமாரி என்று ஒரு நினைப்பு எங்களுக்குள் இறங்கிவிட்டது. ஒரு மொழியில் ஒரு பெட்டி வெறுமையாக இருந்தால் அந்த மொழியில் ஏதோ குறை என்று படுகிறது. ‘தமிழில் பிரசன்ட் பெர்ஃபெக்ட் இல்லை’ என்று கூச்சத்தோடு சொல்கிற வாத்திமாரைக் கேட்டிருப்பீர்கள். ‘வந்திருக்கிறன்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்தில் அப்படிச் சொல்வார்கள். தகலொக்கை ‘காலமே இல்லாத சிம்பிளான மொழி’ என்று விரிவுரையாளர் ஒருவர் போகிற போக்கில் சொல்லிச் சிரித்ததையும் கேட்டாயிற்று. ஒரு வினைக்குச் செய்பவரை முன்னிறுத்த ஒரு வடிவம், செய்யப்பட்டதை முன்னிறுத்த ஒன்று, இடத்துக்கு ஒன்று, யாருக்காகச் செய்தோம் என்பதற்கு ஒன்று, இவை ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன நிலைகள். இது சிம்பிளாம்!

சிரிப்பு அதோடு நிற்பதும் இல்லை. பிந்தி வருவதை ‘பிலிப்பினோ ரைம்’ என்று கிண்டல் பண்ணுவது அந்நாட்டிலேயே உண்டு. அதை ஒரு படி மேலே கொண்டுபோய், வினையில் காலமில்லை, அதனால்தான் ஆட்களுக்கு நேரத்தைப் பற்றிக் கவலையில்லை என்று விளக்குகிற மேதைகளும் உண்டு. ‘இலங்கை நேரம்’ என்று எங்களைச் சொல்வார்களே, எங்கள் வினையில்தான் மூன்று காலமும் முத்து முத்தாக இருக்கிறதே, அதற்கென்ன விளக்கம்? வட அமெரிக்காவின் ஹோப்பி மக்களைப் பற்றி பெஞ்சமின் லீ வோர்ஃப் இப்படித்தான் சொன்னார், அவர்கள் மொழியில் நேரத்தைக் குறிக்கும் சொல்லோ வடிவமோ இல்லையென்று. எக்கெஹார்ட் மலோட்கி 1983 இல் 600 பக்கத்துக்கு மேல் வரும் ஒரு புத்தகம் எழுதி, ஹோப்பி மொழி நேரத்தைப் பேசும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். வோர்ஃப் சொன்னதுதான் இன்றைக்கும் பகிரப்படுகிறது. 600 பக்கத்தை யார் பகிர்கிறார்கள்?

இன்னொரு ஆட்சேபம் நியாயமானது, அதற்குப் பதில் சொல்லவேண்டும். ‘தொடங்கின ஆளுக்கு ஒரு ஏணி வேணும். பிழையான ஏணியென்றாலும் ஏறட்டும், பிறகு தள்ளிவிடலாம்.’ சில பாடங்களில் இது சரி. இங்கே சரியில்லை. பெட்டிக்குத் தலைப்பு வைத்த கணத்திலேயே காது பழகிவிடுகிறது. நக்லுலுத்தோ கேட்டவுடன் ‘இப்போது’ என்று மண்டை சொல்லும், பேசுகிறவர் தன் அம்மம்மா முப்பது வருடத்துக்கு முன் சமைத்துக்கொண்டிருந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாலும். தலைப்பை மாற்ற எவ்வளவு செலவு? மூன்று சொல். ‘முடிந்தது, நடந்துகொண்டிருப்பது, இனித் தொடங்க இருப்பது’. அட்டவணைதான் வேண்டுமென்றால் அதே அட்டவணையை வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒன்றையும் தொட வேண்டாம்.

உண்மையில் உள்ளேயும் ஒன்றைத் தொட வேண்டியிருக்கிறது. அட்டவணைக்காரர் பலர் விட்டுவிடுகிற ஒரு வடிவம் உண்டு: கலுலுத்தோ. பேச்சில் ககலுத்தோ என்றும் வரும். ‘கலுலுத்தோ கோ லாங்’ என்றால், இப்பதான் சமைச்சு முடிச்சனான், சட்டி இன்னும் சுடுது. முடிந்ததுதான், ஆனால் முடிந்த சூடு ஆறவில்லை. வெறுமனே ‘சமைச்சன்’ என்பதற்கும் ‘இப்பதான் சமைச்சனான்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் யாழ்ப்பாணத்து வீடுகளில் யாருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கட்டாரில் அடுப்படியில் நிற்கிற ஒருத்திக்குப் பக்கத்து அடுப்பிலிருந்து நாளாந்தம் காதில் விழுகிற வடிவம் இது. மூன்று நிரலில் எங்கே போட்டாலும் இது வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும்.